கங்காணி ஒழிந்தானா?

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியில் நடந்த ஒரு தெருமுனைக் கூட்டத்தில் நாம் வழக்கம் போல் ஜோசியத்தைப் பற்றியும், ராகு காலத்தைப் பற்றியும், கோயில் குளங்களுக்குக் கொட்டிக் கொடுப்பதைப் பற்றியும் பேசிவிட்டுக் கீழே இறங்கினோம். கூட்டம் கலைந்த பின் ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, "ஐயா, சாமி பேரைச் சொல்லி உண்டியலில் காசு பறிக்கிறவனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினீர்களே, என் பிள்ளையையே கொண்டுபோய் வேற்று நாட்டானுக்கு விற்றுவிட்டானே ஒருத்தன், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. ஆதலால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலாகவே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

அவருடைய பிள்ளை டிப்ளமா படித்தவன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக்காரன் கீழ் மூன்று வருஷம் வேலை செய்தான். மூன்று வருஷமும் அவனுக்குப் "பயிற்சியாளன்" என்றுதான் பெயர். நாலாவது வருஷம் வாசலில் நிறுத்தி, "வேண்டுமானால் வேறு ஒப்பந்தக்காரனிடம் புதிதாகச் சேர்ந்துகொள்" என்றார்கள். அப்பொழுது அதே தெருக்காரன், அதுவும் தூரத்து உறவுக்காரன் ஒருவன் வந்து, "மாப்பிள்ளை, தாய்லாந்தில் கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி வேலை; மாதம் எண்பதாயிரம்; தங்க இடம், சாப்பாடு இலவசம்" என்றான். நகை அடகுக்குப் போயிற்று. வட்டிக்குக் கடன் வந்தது. ஒன்றரை லட்சம் கைமாறியது. பையன் பாங்காக்கில் இறங்கினான். அங்கிருந்து காரில் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாய் எல்லைக்குக் கொண்டுபோய், ஓர் ஆற்றைத் தாண்டச் செய்து, மதிலுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான், தான் வந்து சேர்ந்தது தாய்லாந்தல்ல, பர்மா என்பதே அவனுக்குத் தெரிந்தது.

இப்பொழுது அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஊரார் அவனை "ஏமாற்றுக்காரன்" என்கிறார்கள். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கிறது. அவனை அனுப்பிய அந்த உறவுக்காரனோ ஊர்த் திருவிழாவுக்கு முதல் நன்கொடை கொடுத்து மாலை மரியாதை வாங்கிக்கொண்டு நிற்கிறானாம். விற்கப்பட்டவனுக்கு அவமானம், விற்றவனுக்கு மாலை என்றால் இந்த ஊர் யோக்கியதையை என்னவென்று சொல்லுவது?

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த துரதிருஷ்டம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. இது ஒரு பெரிய வியாபாரம். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023-ம் வருஷம் ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், பர்மாவில் மாத்திரம் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட மோசடி வேலையில் பலவந்தமாய் அமர்த்தப்பட்டிருக்கக் கூடும் என்று சொல்லியிருக்கிறது. இது போக லாவோஸ் நாட்டில் தங்க முக்கோணம் என்று பெயர் வைத்த இடம் வேறு. நமது மத்திய சர்க்காரின் குடியேற்றப் பிரிவு எடுத்த கணக்கின்படி, 2022 ஜனவரி முதல் 2024 மே வரையில் சுற்றுலா விசாவில் கம்போடியா, தாய்லாந்து, பர்மா, வியட்நாம் ஆகிய நாடுகளுக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் 29,466 பேர். அதில் தமிழ்நாட்டார் மாத்திரம் மூவாயிரத்துக்கு மேல். இவர்கள் எல்லோருமே அடைபட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுற்றிப் பார்க்கப் போனவன் வருஷக் கணக்காய் எதைத்தான் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று யாராவது கேட்க வேண்டாமா?

உள்ளே நடக்கிற வேலைதான் என்ன? கம்ப்யூட்டருக்கு முன்னால் பன்னிரண்டு மணி, பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். அழகான பெண்ணொருத்தியின் படத்தை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் சிநேகம் பேச வேண்டும். நம்பிக்கை பிறந்த பின், "கிரிப்டோவில் பணம் போடுங்கள், பங்கில் பணம் போடுங்கள்" என்று ஆசை காட்ட வேண்டும். சீனக்காரர்கள் இதற்குப் "பன்றி அறுப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அறுப்பதற்கு முன் பன்றியைக் கொழுக்க வைப்பது போல என்று அர்த்தம். இன்னொரு வகை, போலீஸ் வேஷம் போட்டு, "நீ டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறாய்" என்று வயதானவர்களை மிரட்டிப் பணம் பறிப்பது. இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும், இவ்வளவு பணம் கறக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கணக்கு குறைந்தால் அபராதம், பட்டினி, அடி, மின்சார ஷாக். "வேண்டாம், வீட்டுக்கு அனுப்பு" என்றால் ஆயிரக் கணக்கான டாலர் கட்டு என்பார்கள். கட்ட முடியாதவனை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள்.

ஆகவே இந்த வலையில் இரண்டு பேர் விழுகிறார்கள். ஒரு பக்கம் மதிலுக்குள் அடைபட்டுத் தட்டச்சு அடிக்கிறவன். மற்றொரு பக்கம் தன் வீட்டில் உட்கார்ந்து, ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைத் தோற்கிறவன். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கே மாதத்தில், பங்கு வர்த்தக மோசடியில் மாத்திரம் இந்தியர்கள் இழந்தது 1,420 கோடி ரூபாய் என்றும், டிஜிட்டல் அரெஸ்டில் போனது 120 கோடி என்றும் மத்திய உள்துறையைச் சேர்ந்த சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே சொல்லிற்று. தமிழனை ஏமாற்றத் தமிழ் தெரிந்தவன் வேண்டும். தெலுங்கனை ஏமாற்றத் தெலுங்கு தெரிந்தவன் வேண்டும். அதற்காகத்தான் நம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பையன் கையைக் கொண்டே திருவள்ளூர் வாத்தியாரின் பென்ஷனைப் பறிப்பது எப்படிப்பட்ட தந்திரம் என்று பாருங்கள்!

நிற்க, இது புதிய விஷயமா என்றால், வேலை புதியதே தவிர முறை பழையதுதான். நம் பாட்டன்மார் காலத்தில் கங்காணி என்று ஒருவன் இருந்தான். அவன் வெள்ளைக்காரனல்ல, நம் ஊரான், நம் சாதியான், பல சமயம் நம் உறவினன். "கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும்" என்றும், மலாயாவில் மரத்தைக் கீறினால் பணம் ஒழுகும் என்றும் சொல்லி ஆள் பிடித்தான். முன்பணம் கொடுத்தான், அந்த முன்பணமே விலங்காயிற்று. ஒவ்வொரு ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு வந்தது. இலங்கைத் தோட்டங்களில் கூலியின் கடனை ஒரு காகிதத்தில் எழுதி, அதற்குத் துண்டு என்று பெயர் வைத்து, அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கு ஆளையே மாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டு முறை 1921-ல் தான் எடுபட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் நின்றது. மலாயாவுக்குக் கூலி அனுப்புவதை 1938-ல் தடுத்தார்கள்.

ஆனால் தடுத்த பிறகு என்ன நடந்தது? 1942, 43-ம் வருஷங்களில் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர்களை, "கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி" என்று ஆசை காட்டியும் பிடித்து இழுத்தும் ரயிலேற்றினான். அவர்களில் ஏராளமானவர்கள் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். இன்று நம் பிள்ளைகளை இறக்குகிற மியாவடி என்கிற ஊரும் அதே பர்மா-சயாம் எல்லையில் தான் இருக்கிறது. எண்பது வருஷத்திற்கு முன் தமிழனைப் பொய் சொல்லி அழைத்துப்போன அதே எல்லைக்கு, இன்றும் தமிழனைப் பொய் சொல்லியே அழைத்துப்போகிறார்கள். அன்று கையில் மண்வெட்டி. இன்று கையில் மொபைல். அன்று கங்காணி, இன்று ஏஜெண்ட். அன்று துண்டு, இன்று பாஸ்போர்ட். இதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

இதைப் பற்றிப் பேசினால் சில கனவான்கள் உடனே, "பேராசைதான் காரணம். உள்ளூரில் ஒழுங்காய் வேலை செய்யாமல் எண்பதாயிரத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று உபதேசம் செய்கிறார்கள். இவர்களை ஒன்று கேட்கிறோம். இந்தக் கனவான்களின் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனால் அது முன்னேற்றம். கும்மிடிப்பூண்டி ஒப்பந்தக் கூலியின் பிள்ளை தாய்லாந்துக்குப் போனால் பேராசையா? வெளிநாட்டில் சம்பாதித்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? உள்ளூரில் வேலை ஒழுங்காய் இருந்ததா என்றாவது அவர்கள் பார்த்ததுண்டா? தொழிற்பேட்டை வாசலில் காலை நேரத்தில் போய் நின்று பார்க்கட்டும். ஒரே யந்திரத்தில், ஒரே வேலையை, ஒருவன் நிரந்தரம் என்றும், ஒருவன் ஒப்பந்தம் என்றும், ஒருவன் பயிற்சி என்றும் மூன்று பெயரில் மூன்று சம்பளத்திற்குச் செய்கிறான். கீழே கிடக்கிறவன் மேலே ஏறப் படி இல்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து எண்பதாயிரம் என்று சொன்னால், அது அவன் காதில் ஆசையாய் விழாது, விடுதலையாய்த்தான் விழும்.

வேறு சிலர், "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். அந்தப் பெரியவரும் அதைத்தான் முதலில் சொன்னார். பையனின் ஜாதகத்தில் கடல் தாண்டும் யோகம் இருப்பதாய் ஜோசியன் சொன்னானாம். சொந்த வீடு அமைய வேண்டுமென்று தாயார் சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போய் வந்தாராம். கிளம்புவதற்கு நல்ல நேரம் பார்த்தார்கள், சகுனம் பார்த்தார்கள். ஆனால் அந்த ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. சென்னையில் விசா கணபதி என்றும், ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் விசா பாலாஜி என்றும் கடவுள்களுக்கே குடியேற்ற உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள் நம் ஜனங்கள். அந்தக் கடவுள்களில் ஒருவராவது, "இந்த விசா சுற்றுலா விசா, இதில் வேலை செய்யக் கூடாது" என்று ஒரு பக்தனிடமாவது சொன்னதுண்டா?

நாம் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தலையெழுத்து என்று சொல்லுவதால் யாருக்கு லாபம் என்பதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறோம். விதி விற்றது என்றால், விற்ற மனிதன் தப்பித்துக்கொள்ளுகிறான். பிரம்மா எழுதினான் என்றால், பத்திரத்தில் எழுதிக் கடன் கொடுத்தவன் தப்பித்துக்கொள்ளுகிறான். விதியின் மேல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? ஆனால் ஏஜெண்டின் மேல் கொடுக்கலாம். அதனால்தான் விதியைப் பற்றிய பேச்சு ஏஜெண்டுகளுக்கு இவ்வளவு இனிப்பாய் இருக்கிறது.

இனி சர்க்கார் செய்தது என்ன என்று பார்ப்போம். ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம், அது உண்மையல்ல. 2022 செப்டம்பர் 21-ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள், பர்மாவில் சுமார் 50 தமிழர் உட்பட 300 இந்தியர்கள் சிக்கியிருப்பதாகப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மூன்று நாள் கழித்து வெளிநாட்டு இலாகா ஓர் எச்சரிக்கை விட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீண்டு சென்னைக்கு வந்தார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் ராணுவ விமானம் அனுப்பி 283 பேரும் 266 பேருமாய் 549 இந்தியர்களைத் தாய்லாந்து எல்லையிலிருந்து கொண்டுவந்தார்கள். கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் நூற்றுக் கணக்கில் மீட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் பாராட்ட வேண்டியவையே.

ஆனால் கிணற்றில் விழுந்தவனைத் தூக்குவது ஒரு காரியம். கிணற்றுக்குச் சுவர் வைப்பது வேறு காரியம். 2022-ல் எச்சரிக்கை விட்டவர்கள் 2025-ல் விமானம் விட வேண்டியிருந்தது என்றால், இடையிலே அந்த எச்சரிக்கை யாரைத் தடுத்தது? தொழிற்பேட்டைக்காரன் எந்தக் காலத்தில் வெளிநாட்டு இலாகாவின் அறிக்கையைப் படித்தான்? அவன் படித்தது அவனுடைய வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைத்தான்.

சட்டத்தைப் பார்ப்போம். 1983-ல் குடியேற்றச் சட்டம் ஒன்று செய்தார்கள். அதன்படி பதிவு பெற்ற ஏஜெண்ட்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். தன் கூலியாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. பதிவில்லாமல் ஆள் பிடித்தால் தண்டனை என்ன தெரியுமா? இரண்டு வருஷம் வரை சிறை. இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம்! ஒரு பையனை அனுப்பி ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்றால், அது தண்டனையா, அல்லது லைசென்ஸ் கட்டணமா?

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ்ப் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று ஒரு முத்திரை உண்டு. நமது ஜனங்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற கடற்கரைச் சாலைதான் தெரியும். இந்த ஈ.சி.ஆர். என்பது, இவன் வேலைக்குப் போகுமுன் குடியேற்ற அதிகாரி சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிற அடையாளம். யாருக்கு இந்தச் சோதனை? பத்தாவது தேறாதவனுக்கு. எந்த நாடுகளுக்கு? பட்டியல் போட்ட 18 நாடுகளுக்கு. பெரும்பாலும் அரபு நாடுகள். பத்தாவது தேறிவிட்டால் காவல் வேண்டியதில்லை. அவன் புத்திசாலி, தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. ஆனால் இந்த மோசடிக் கம்பெனிக்காரன் தேடுவது யாரை? இங்கிலீஷ் தெரிந்தவனை, டைப் அடிக்கத் தெரிந்தவனை, டிப்ளமாவையும் பி.ஈ.யையும்! 18 நாட்டுப் பட்டியலில் தாய்லாந்து இருக்கிறது. பர்மாவும் கம்போடியாவும் லாவோஸும் இல்லை. ஆக, எவனைப் பிடிக்கிறார்களோ அவனுக்குக் காவல் இல்லை. எங்கே அடைக்கிறார்களோ அந்த நாட்டுக்குச் சோதனை இல்லை. முன்வாசலில் காவற்காரனை நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த வீட்டைப் போலல்லவா இது இருக்கிறது? 2025-ல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொரு வரைவை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். எந்தப் புதுச் சட்டம் வந்தாலும், படித்தவனைப் பிடிக்கும் இந்தப் புது வலையை அது பார்க்காவிட்டால், பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதையாகத்தான் முடியும்.

ஆள் கடத்தலைத் தடுக்கத் தனிச் சட்டம் என்று 2018 ஜூலையில் லோக்சபாவில் ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள். அது ராஜ்யசபாவைத் தாண்டாமலே 2019-ல் செத்துப்போயிற்று. 2021-ல் மறுபடி ஒரு வரைவு வந்தது. அது மசோதாவாகக் கூட அப்பொழுது சபைக்கு வரவில்லை. சரி, இருக்கிற சட்டமாவது இல்லையா என்றால், இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 23-வது விதி ஆள் வியாபாரத்தையும் பலவந்த உழைப்பையும் தடை செய்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையின் 143-வது பிரிவு, ஏமாற்றி ஆள் பிடித்துச் சுரண்டலுக்கு அனுப்புகிறவனுக்குக் குறைந்தது ஏழு வருஷம் என்கிறது. விழுந்தவன் சம்மதித்தான் என்பது செல்லாத வாதம் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. இவ்வளவு கூரான கத்தி கையில் இருக்கும்போது, "பணம் வாங்கி மோசம் செய்தான்" என்று வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறாக ஒரு புகாரை எழுதி வாங்கினால், அது யாருக்கு அனுகூலம்? பணம் திருப்பிக் கொடுத்தால் வழக்கு சமாதானம். ஆளை விற்றது மாத்திரம் மாயமாய் மறைந்துவிடும்.

இன்னொரு சங்கதி. 2025 ஜனவரி 3-ந் தேதி வாங் ஷிங் என்கிற சீன நடிகர் ஒருவர் சினிமா வேலை என்று நம்பித் தாய்லாந்து வந்து, இதே மியாவடிப் பக்கம் கடத்தப்பட்டார். ஜனவரி 7-ந் தேதி மீட்கப்பட்டார். நாலே நாள்! சீன உல்லாசப் பிரயாணிகள் வருவது குறைந்துவிடுமோ என்று தாய்லாந்து சர்க்கார் பயந்தது. பிப்ரவரி 5-ந் தேதி எல்லைக்கு அப்பால் போகிற மின்சாரத்தையும் எண்ணெயையும் இன்டர்நெட்டையும் அறுத்தது. அந்த மாதத்தில் ஏழாயிரம் பேர் அளவுக்கு வெளியே விடப்பட்டார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? மனம் வைத்தால் கதவு திறக்கும் என்று தெரிகிறது. நடிகருக்கு நாலு நாளில் திறந்த கதவு, ஏழைப் பிள்ளைகளுக்கு வருஷக் கணக்காய்ப் பூட்டிக் கிடந்தது. அவர்களுக்காக எந்த ஹோட்டல் முதலாளிக்கும் வியாபாரம் குறையவில்லை, அவ்வளவுதான்.

மதிலுக்குப் பின்னால் இருக்கிற பணமும் லேசானதல்ல. 2025 அக்டோபரில் கம்போடியாவின் பிரின்ஸ் குரூப் தலைவர் சென் ஷி என்பவர் மேல் அமெரிக்க சர்க்கார் குற்றஞ்சாட்டி, சுமார் 1,500 கோடி டாலர் பெறுமான பிட்காயினைப் பறிமுதல் செய்ய வழக்குப் போட்டது. ஒரே ஒரு கூட்டத்தார் மீதுள்ள வழக்கே இவ்வளவு. இவ்வளவு பெரிய மலையின் அடிவாரத்தில் நிற்கிற சின்னக் கல்தான் நம் தெருவிலுள்ள ஏஜெண்ட். ஆனால் அந்தச் சின்னக் கல்லை அசைக்கிற வேலை நம்முடையது. மலையை வாஷிங்டனோ பெய்ஜிங்கோ பார்த்துக்கொள்ளட்டும். நம் தெருவை யார் பார்ப்பது?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணையையும் கவனிக்க வேண்டும். "எல்லோரும் ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளைகளா? தெரிந்தே போனவர்களும் இருக்கிறார்கள், உள்ளே போய்க் கமிஷன் வாங்கிக்கொண்டு வேறு பேரை வரவழைத்தவர்களும் இருக்கிறார்களே" என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பழைய கங்காணியும் முதலில் கூலியாய்ப் போனவன்தான். ஆனால் "இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்தால் உன்னை விடுகிறேன்" என்று அடித்துச் சொல்லும்போது உறவினனுக்குப் போன் செய்தவனையும், ஊரிலே உட்கார்ந்து நிம்மதியாய்த் தலைக்காசு எண்ணினவனையும் ஒரே கயிற்றில் கட்டுவது நியாயமாகுமா? விசாரித்துப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்குத்தான் போலீசும் கோர்ட்டும். அதைச் செய்யாமல் திரும்பி வந்த எல்லோரையும் சந்தேகித்தால், ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். அவன் வாயைத் திறக்காவிட்டால் ஏஜெண்டுக்கு எதிராய்ச் சாட்சி எங்கிருந்து வரும்?

நம் ஜில்லாவுக்கு இந்த அடிமை வியாபாரம் புதிதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இதே திருவள்ளூர் ஜில்லாச் செங்கற் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்துக் கொண்டுவரப்பட்ட நூற்றுக் கணக்கானவர்களை 2011-லும் அதற்குப் பின்னும் அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது! ஒடியாக் கூலி நம் ஊர்ச் சூளையில் அடைபட்டுக் கிடந்தபோது, "எவனோ வடக்கத்தியான்" என்று நாம் பார்த்துக்கொண்டு போனோம். இன்று நம் பிள்ளை பர்மாவில் அடைபட்டால், அந்த ஊரானும், "எவனோ இந்தியன்" என்று பார்த்துக்கொண்டு போகிறான். அடுத்தவன் அடிமையாவதைச் சகித்துக்கொண்ட ஊருக்குத் தன் வீட்டுப் பிள்ளை அடிமையாகும்போது பேச வாய் வருவதில்லை.

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது இதுதான். மீண்டு வந்தவனைக் குற்றவாளியாய்ப் பாவிக்காமல் சாட்சியாய்ப் பாவியுங்கள். ஆள் கடத்தலைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2011-ல் ஏற்றுக்கொண்டாயிற்று. அதை நடத்திக் காட்டுங்கள். ஏஜெண்டின் மேல் மோசடி வழக்கோடு நிற்காமல் ஆள் கடத்தல் வழக்கும் போடுங்கள். அவன் சொத்தைப் பிடித்து, விழுந்தவன் வீட்டுக் கடனை அடையுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் மாத்திரம் வைத்துக்கொள்ளாமல், தமிழில் அச்சடித்துப் பஞ்சாயத்து ஆபீசிலும், ரேஷன் கடையிலும், தொழிற்பேட்டை வாசலிலும், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ரயிலடிகளிலும் ஒட்டுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வருஷக் கணக்காய்ப் "பயிற்சி" பெறுகிறவனை வேலைக்காரன் என்று ஒப்புக்கொண்டு நிரந்தரம் செய்யச் சொல்லுங்கள். உள்ளூரில் மரியாதையான பிழைப்பு இருக்கிறவனிடம் கங்காணியின் பேச்சு எடுபடாது.

நம் ஜனங்களிடம் கேட்பதும் உண்டு. வெளிநாட்டு வேலை என்று எவன் வந்தாலும், அவன் மாமனானாலும் மைத்துனனானாலும், நான்கு கேள்வி கேளுங்கள். உன் பதிவு எண் என்ன? வேலைக்கான விசாவா, சுற்றுலா விசாவா? கம்பெனி பெயரும் விலாசமும் எழுதிய ஒப்பந்தம் எங்கே? முப்பதாயிரத்துக்கு மேல் கேட்கிறாயே, எதற்கு? இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் சொல்லாதவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் கால்பங்கு செலவழித்தால் போதும். சர்க்காரின் இ-மைக்ரேட் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பணத்தைத் தோற்றவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளை மீண்டு வந்தால் வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் அவனல்ல.

அந்தப் பெரியவருக்கு நாம் சொல்லுவது இதுதான். ஐயா, தங்கள் பிள்ளையை விற்றது விதியுமல்ல, கிரகமுமல்ல. பெயரும் விலாசமும் உள்ள ஒரு மனிதன். பெயரும் விலாசமும் இருக்கிறவன் மேல் புகார் எழுதலாம். எழுதுவதற்கு நமது தோழர்கள் வருவார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட வருவார்கள். வாங்க மறுத்தால் ஜில்லா சூப்பரிண்டெண்டுக்கும், அதற்கு மேலும் போவார்கள். அடுத்த கூட்டம் அதே இடத்தில்தான் நடக்கப் போகிறது. அன்று ஜோசியத்தைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. தங்கள் பிள்ளைக்கு மனமிருந்தால் அவனே மேடையேறி, தான் பார்த்ததை ஊராருக்குச் சொல்லட்டும். அவனை ஏமாற்றுக்காரன் என்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். மாலை போட்டவர்களும் வரட்டும். யார் கழுத்தில் மாலை போட்டோம் என்று அன்றைக்காவது அவர்களுக்குத் தெரியட்டும்.